பிளாஸ்மா சிகிச்சையும் தாமதத்தின் பொறுப்பும்

கொள்ளைநோய் பரவும் காலத்தில், பயன் தருமா என்று உறுதிப்படாத ஒரு சிகிச்சையை வேறு வழியின்றிக் கொடுத்துப் பார்ப்பதை யாரும் எளிதில் குற்றம் சொல்லிவிட முடியாது. ஆனால் பயனில்லை என்பதற்கான சான்று கைக்கு வந்த பிறகும் அதே சிகிச்சையை நெறிமுறையில் வைத்திருப்பதை அறம் ஏற்குமா என்பது வேறு கேள்வி. ஒரு சிகிச்சை பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் தேடித் திரட்டி, அவற்றின் தரத்தை எடைபோட்டு முடிவு காண்பது தொகுப்பாய்வு எனப்படும். புதிய ஆய்வு வரும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொண்டே போவது தொடர் தொகுப்பாய்வு. உலக சுகாதார நிறுவனம் 2020 செப்டம்பர் முதல் கொரோனா மருந்துகளுக்கான தன் வழிகாட்டுதலை இம்முறையில்தான் புதுப்பித்து வந்தது.

குணமடைந்தவரின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள் அடங்கிய பிளாஸ்மா என்னும் நீர்மப் பகுதியைப் பிரித்து நோயாளிக்கு ஏற்றும் சிகிச்சை, இந்தியாவில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. பிளாஸ்மா யாருக்கு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் போலத் தீர்மானித்த அந்த ஆய்வில், நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து பிளாஸ்மா பெற்றோரில் 19 விழுக்காடு, பெறாதோரில் 18 விழுக்காடு. முடிவு 2020 அக்டோபரில் வெளியானது. தேசிய நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டதோ 2021 மே 17 அன்றுதான். இடைப்பட்ட காலத்தில் இரண்டாம் அலை வந்தது. படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்துகொண்டிருந்த குடும்பங்கள், மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்த ஒரே காரணத்துக்காக, இரத்த வகை பொருந்தும் கொடையாளரைத் தேடி முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கைபேசியில் மன்றாடின. பயனற்ற சிகிச்சையால் கெடுதல் ஒன்றுமில்லை என்று வாதிடுவோர் இந்த அலைச்சலைக் கணக்கில் எடுப்பதில்லை.

464 பேர் சிறிய எண்ணிக்கை, எதிர்ப்புப் பொருள் மிகுந்த பிளாஸ்மா ஒருவேளை பலித்திருக்கலாம் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அந்த ஐயம் மேலும் ஆய்வு நடத்தவே இடம் தருகிறது. ஆய்வுக்கு வெளியே எல்லோருக்கும் ஏற்றுவதற்கு அன்று. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அதைச் சோதித்தபோது இரு பிரிவிலும் 24 விழுக்காட்டினர் இறந்திருந்தனர்.

அதே ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு பற்றி அறிவித்த முடிவு, புதுப்பித்தலின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அதற்குமுன் ஸ்டீராய்டுகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 41.4 விழுக்காட்டினர் இறக்க, இம்மருந்தும் பெற்றோரில் அது 29.3 விழுக்காடாகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பயன் எதுவும் தென்படவில்லை. ஆகவே பழைய அறிவுரையைப் பற்றிக்கொண்டு மருந்தை மறுத்தவரும், புதிய செய்தியை அரைகுறையாகக் கேட்டு லேசான காய்ச்சலுக்கே அதை எழுதியவரும் நோயாளிக்கு ஒரே வகையான தவறையே இழைத்தனர்.

புதியது என்பதாலேயே சான்று நம்பத்தக்கதாகிவிடாது என்பதும் உண்மையே. ஐவர்மெக்டின் என்னும் மருந்து உயிர்காக்கும் என்று காட்டிய எகிப்திய ஆய்வின் முன்பதிப்பு, அதாவது பிற வல்லுநர்களின் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடப்பட்ட வடிவம், தரவுகள் குறித்த கடும் ஐயங்களால் 2021 ஜூலையில் விலக்கப்பட்டது. அதைச் சேர்த்துக்கொண்டிருந்த தொகுப்பாய்வுகளின் முடிவுகளும் அதனுடன் ஆட்டம் கண்டன. அச்சான சுருக்கத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு நோயாளியின் தரவையும் ஆய்வாளரிடம் கேட்டு வாங்கிச் சரிபார்த்த பின்னரே ஓர் ஆய்வைத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்று குறையைக் கண்டறிந்தவர்கள் அதன்பின் வலியுறுத்தினர். இதற்குச் சில வாரங்கள் கூடுதலாகத் தேவைப்படலாம். அந்தத் தாமதத்தை நோயாளியிடம் காரணம் சொல்லி விளக்க முடியும், பிளாஸ்மாவுக்கு எடுத்துக்கொண்ட ஏழு மாதங்களை அப்படி விளக்குவது கடினம்.