யாருக்கு வந்த பணம்?

வேங்கிக்காலில் உங்கள் மாடி போர்ஷன் காலி. வீடு கேட்டு வருகிறவர் ராணுவ வீரரின் மனைவி, கணவர் எல்லையில். 'மிலிட்டரியா? வாடகை கரெக்டா வந்துடும்' என்று சந்தோஷமாகச் சாவி கொடுக்கிறீர்கள்.

வீட்டு வாடகைப்படி, ஊர் ஜனத்தொகையைப் பார்த்துத்தான். 2024 ஜனவரி முதல் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் ஆக்கினார்கள். 5 லட்சம் பேர் இல்லாத நம் ஊர்ப்பக்கம் 9-லிருந்து 10. பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டம் கணக்கில் கிடையாது. வாடகையை ஏற்றிவிடுவது என்னவோ அந்தக் கூட்டம்தான்!

30,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்றால், கூடியது 300. பேப்பரில் படித்ததுமே மாடியேறி, "ஐநூறு சேர்த்துக் குடுத்துடும்மா" என்கிறோம். அவர் குடும்பத்துக்கு வந்த பணத்தில் நாம் எப்படிப் பங்காளி ஆனோம்?

நானும் ஏற்றியிருக்கிறேன். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அடுத்த மாதம் கேபிள் கனெக்‌ஷனை நிறுத்திவிட்டார்.