கடையடைத்த பின் நம் கணக்கு

 

அங்குலியா பள்ளிவாசலில் இஷா தொழுதுவிட்டு வெளியே வந்தால், சிராங்கூன் சாலை பகலைவிடப் பிரகாசமாய்த் தெரிகிறது. நாளெல்லாம் நின்று வியாபாரம் செய்த கால் வலிக்கிறது. மனமோ ஏதேனும் ஒரு களிப்பைத் தேடுகிறது. இது மனித சுபாவம். அதைக் குற்றமென்று சொல்ல நாம் பேனா எடுக்கவில்லை.

இஸ்லாம் சந்தோஷத்திற்கு விரோதி என்று எவரும் எண்ண வேண்டாம். பெருநாளன்று மதீனாப் பள்ளிவாசலிலே ஹபஷிகள் ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் பார்த்து ரசிக்கும்படி மறைவாக நின்று கொடுத்தார்கள். அவர்களாகவே சலித்துத் திரும்பும் வரை அவ்விதம் நின்றார்கள். ஆகவே மகிழலாமா என்று நாம் கேட்க வேண்டியதில்லை. எதைக் கொடுத்து மகிழ்ச்சியை வாங்குகிறோம் என்பதுதான் வியாபாரியாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நம்மிடமே நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம். நமக்குச் சரக்கு அனுப்பும் ஒருவர் ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் மனம் கோணாதிருக்க வேண்டும் என்று, அவர் விரும்பியபடி பாட்டும் ஆட்டமும் நடக்கும் ஓர் இரவு விடுதிக்கு அழைத்துச் சென்றோம். மற்றவர்கள் மது அருந்தினார்கள். நாம் எலுமிச்சை ரசம் குடித்தோம். அதனால் பாவமில்லை என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டோம். மேடையில் ஆடும் பெண்ணுக்கு மாலை போட வேண்டும் என்றால் பணம் கட்ட வேண்டுமாம். பக்கத்து மேசையில் போட்டி போட்டுக் கட்டினார்கள். விருந்தாளி நம் முகத்தைப் பார்த்தார். கௌரவத்திற்குப் பயந்து ஐம்பது வெள்ளி கொடுத்தோம். தேக்காவில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் மாலைக்கு அந்த விலை! அதுவும் அவள் கழுத்தில் ஐந்து நிமிஷம்கூடத் தங்கவில்லை.

வீடு திரும்ப நடுநிசி கடந்துவிட்டது. சுபுஹு தவறிப் போயிற்று. கடைக்குப் போனபோது பையன் கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி வைத்திருந்தான். தயங்கித் தயங்கி வந்து, "முதலாளி, உம்மாவுக்கு மருந்து வாங்க அனுப்பணும், ஐம்பது வெள்ளி முன்பணம் கிடைக்குமா?" என்றான். "மாத முடிவில் பார்க்கலாம்" என்றோம். அவன் ஒன்றும் பேசாமல் அரிசி மூட்டையைத் தூக்கப் போய்விட்டான்.

அன்று மாலை கணக்கு எழுத உட்கார்ந்தோம். அந்த ஐம்பதை எந்தத் தலைப்பில் எழுதுவது? வியாபாரச் செலவா? வீட்டுச் செலவா? ஸதகாவா? எதிலும் எழுத இடமில்லை. அப்போதுதான் கைகள் நடுங்கின. மறுமையில் செல்வத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. எவ்வழியில் சம்பாதித்தாய், எவ்வழியில் செலவிட்டாய் என்று கேட்கப்படும் என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். முதல் கேள்விக்கு ஹலாலான பதில் வைத்திருக்கும் நம்மவர் பலர், இரண்டாவது கேள்வியில் தடுமாறுகிறோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு டின் பால் வாங்கினாலும், எங்கிருந்து வந்தது, தேதி முடிந்ததா என்று திருப்பிப் பார்ப்பவர் நாம். மேடையில் ஆடுபவள் எவ்விதம் அங்கு வந்தாள் என்று கேட்டதுண்டா? 2019ஆம் ஆண்டு நவம்பரில் இந்நகரத்து நீதிமன்றத்தில் இரவு விடுதி நடத்திய ஒரு தம்பதியர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. வங்காள தேசத்திலிருந்து ஆடுவதற்கு அழைத்து வரப்பட்ட மூன்று பெண்களின் கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டு, ஓய்வு நாளின்றி வேலை வாங்கினார்கள் என்பது வழக்கு. 2014ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ், உழைப்பைச் சுரண்டியதற்காக இங்கே விதிக்கப்பட்ட முதல் தண்டனை அது. 2020 பிப்ரவரியில் இருவருக்கும் ஐந்தரை ஆண்டுச் சிறை கிடைத்தது. எல்லா விடுதியும் அப்படியென்று நாம் சொல்லவில்லை. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் சிரிக்கும் முகத்தைப் பார்த்து, அவள் வாழ்வை அறிந்துகொள்ள முடியாது. அவளும் ஓர் உம்மாவுக்குப் பணம் அனுப்ப வந்தவளே.

நம் முன்னோருக்கும் இச்சோதனை இருந்தது. ஜாலான் புசாரில் 1923ல் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. நடனக் கூடமும் நாடகமும் மல்யுத்தமுமாக அங்கே இரவெல்லாம் கூட்டம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், டன்லப் தெருவில், அதே காலத்தில் அப்துல் கபூர் பள்ளிவாசல் எழும்பிக்கொண்டிருந்தது. 1907ல் தொடங்கிய வேலை 1927ல் நிறைவேறிற்று. சுற்றிலும் கடைகளும் வீடுகளும் கட்டி, அவற்றின் வாடகையைப் பள்ளிவாசலுக்கு வருமானமாக்கினார்கள். பூங்கா 1987ல் மூடப்பட்டது. அதன் நுழைவாயில் மட்டும் ஒரு பேரங்காடியின் அருகே ஞாபகச் சின்னமாக நிற்கிறது. பள்ளிவாசலில் இன்றும் ஐவேளை பாங்கு கேட்கிறது. இரண்டிடத்திலும் வெள்ளி செலவாயிற்று. எது நின்றது என்று கண்ணால் காண்கிறோம்.

இரவின் களிப்பு இரவோடு போவதில்லை, சகோதரர்களே! அது காலையைப் பிடித்துத் தின்கிறது. இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். தம் உம்மத்துக்கு அதிகாலையில் பரக்கத்தைத் தரும்படி துஆச் செய்தார்கள். அதை அறிவித்த ஸக்ர் (ரலி) அவர்கள் நம்மைப் போல் ஒரு வியாபாரி. தம் சரக்கைப் பகலின் தொடக்கத்திலேயே அனுப்பிவைத்துப் பெருஞ்செல்வரானார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அந்தப் பரக்கத்தை நடுநிசியில் விற்றுவிட்டு, பிறகு கடை ஓடவில்லையென்று அலுத்துக்கொள்வது நியாயமா?

நாம் ஆலிமல்ல, கடைக்காரர். ஆகவே கடைக்காரர் பாஷையிலேயே முடிக்கிறோம். சரக்குக்காரரை உபசரிக்க வேண்டுமானால் வீட்டிற்கு அழைத்துச் சோறு போடுங்கள். அந்த உறவு நிலைக்கும். பிள்ளை குட்டிகளோடு எஸ்பிளனேடுக் கடலோரம் நடந்து காற்று வாங்குங்கள்; அதற்குச் சீட்டு இல்லை. வேலைக்காரப் பையனுக்கும் ஓர் ஓய்வு நாள் கொடுங்கள். அவனுக்கும் மனம் உண்டு. பணத்தைப் பையிலிருந்து எடுக்குமுன், இதைக் கணக்குப் புத்தகத்தில் எங்கே எழுதுவோம் என்று ஒரு கணம் நினையுங்கள். எழுத இடமில்லையேல் கொடுக்காதீர்கள்.

அந்தப் பையனிடம் மறுநாள் ஐம்பது வெள்ளியைக் கொடுத்து, மாப்புக் கேட்டுக்கொண்டோம். அவன் மன்னித்துவிட்டான். எழுத இடமில்லாத அந்தச் செலவை அல்லாஹு தஆலாவும் மன்னித்து, நம் இரவுகளையும் காலைகளையும் பரக்கத்துள்ளவையாக்குவானாக! ஆமீன்.