முழங்காலுக்குத் தைலம்

பதுளை பஸ் ஸ்டாண்டில் பசறை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பாட்டி முழங்காலில் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் காட்டலாமே என்றேன். "எல்லாம் காட்டியாச்சு தம்பி. இது வலி போறதுக்கு இல்ல. மேட்டு லயத்து வீட்டுக்கு ஏறணுமே, அதுக்கு." பஸ் வந்தது, போய்விட்டார். அந்தத் தைல வாசம்தான் என்னை விட்டபாடில்லை.

அந்தக் கார நெடியில் மெத்தில் சாலிசிலேட்டுக்கும் பங்குண்டு. ஊவாத் தேயிலையின் பேர்போன மணத்திலும் அதே பொருள் இருக்கிறதென்று எப்போதோ எதிலோ படித்தேன். ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை கச்சான் காற்று மலை தாண்டி வறண்டு வீசும்போது கொழுந்தில் அந்த மணம் ஏறும். பூச்சி கடித்தாலும் செடிகள் இதையே வெளிவிடுமாம். செடி நோகிற அந்தப் பருவத்துத் தேயிலையைத்தான் ஊவாவின் உயர்ந்த ரகம் என்கிறார்கள். இதில் கவித்துவம் தேட வேண்டியதில்லை. தைலப் போத்தலில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்தது.

தைலத்தால் ஆகிற காரியமும் பெரிதாக ஒன்றுமில்லை. தோலில் ஓர் எரிச்சலை மூட்டி, உள்ளே இருக்கும் வலியிலிருந்து கவனத்தைக் கொஞ்ச நேரம் இழுத்துக்கொள்கிறது. தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும்.

சின்ன வயதில் அம்மாவுக்குக் கழுத்தில் தேய்த்துவிடுவது எங்கள் வேலை. கொழுந்துக் கூடைக் கயிறு தலையில் அழுத்திய தடம் ராத்திரியிலும் மறையாது. அப்பா தொழிற்சங்கத்து ஆள். அந்த வாசம் வந்தாலே அவருக்குக் கோபம் வரும். "இதத் தேய்ச்சுத் தேய்ச்சே நாளைக்கும் பிரட்டுக்கு, வேலைக்குன்னு போயிருவ. வலிச்சாத்தானே நாலு பேர் கேப்பாங்க?" அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "தேய்க்காட்டி மட்டும் போகாம இருக்க முடியுமா?"

எனக்கு இன்னும் தீராத வழக்கு இது. 1948இல் தோட்டத் தமிழர்களான எங்கள் குடியுரிமை போனது. 1964இல் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் உட்கார்ந்து எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்தன. மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல் குடியுரிமை தர ஒரு சட்டம் வந்தது. 2021இல் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய் என்றானது. அப்பா இருந்திருந்தால் அந்த ஆயிரத்தையும் தைலம் என்றுதான் சொல்லியிருப்பார். அம்மா அதை வாங்கி, கடைக் கணக்கைக் கொஞ்சம் அடைத்திருப்பாள்.

வலியைத் தணித்தால் அதன் காரணத்துக்கு ஆயுள் கூடுகிறது என்ற அப்பாவின் கட்சியைப் பல வருஷம் நானும் பேசியிருக்கிறேன், பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. வேறொருவர் முழங்கால் வலியைப் போராட்டத்துக்கு முதலாகப் போடச் சொல்ல யாருக்கு உரிமை என்று இப்போது தோன்றுகிறது. அப்படிச் சொல்லிவிட்டால் காரணத்தைக் கேட்கப்போவது யார் என்றும் உடனே தோன்றுகிறது. அப்பா பக்கம் சாய்ந்தால் அம்மா சொன்னது உறுத்துகிறது. அம்மா பக்கம் நின்றால் அப்பாவை மறுக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்யலாமே என்பார்கள். செய்யலாம்தான். தணிந்த பிறகும் கேட்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. தணியாத வலியோடு கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் சொல்லத் தெரியவில்லை.