முன்னறிவும் விழிப்பும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து பட்டு நெய்யும் முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஒரு நாள் அவரது வலக் கை நாடாவைப் பற்ற மறுத்தது; பேச்சு குழறியது. சிறிது நேரத்தில் எல்லாம் சரியாயிற்று. சென்னையில் பரிசோதித்த மருத்துவர், மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் இடப்பக்கக் கழுத்துத் தமனி பெரிதும் அடைபட்டிருப்பதாகவும், அறுவை செய்து அடைப்பை அகற்றுவதே நலம் எனவும் கூறுகிறார். அறுவைக்குப் பின் மூளையில் குருதி பெருக்கெடுக்கும் ஆபத்து இவருக்குச் சற்று அதிகம் என்றும் மகனிடம் தனியே எச்சரிக்கிறார். மகனோ, "அப்பாவிடம் சொல்லாதீர்கள் ஐயா, பயந்துவிடுவார்" என்கிறார். அன்பில் பிறந்த இச்சொல் அறத்திற்கு உகந்ததா?

அறுவையின் பயன் ஐயத்திற்கு இடமற்றது. முன்னறிகுறி கண்டு, தமனி 70 விழுக்காடும் அதற்கு மேலும் குறுகியவர்களை ஆராய்ந்த வட அமெரிக்க ஆய்வின் முடிவு 1991இல் வெளிவந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களுள் 100க்கு 26 பேரை, இரண்டே ஆண்டுகளில் அப்பக்க மூளையில் பக்கவாதம் தாக்கியது. அறுவை பெற்றவர்களுள் 9 பேரையே தாக்கியது.

ஆயினும், நெடுங்காலம் வறண்ட வாய்க்காலில் ஏரி மதகை முழுவதும் திறந்துவிட்டால் கரை தாங்காது. குருதிக்கு ஏங்கிய மூளையின் நுண்குழாய்கள் விரிந்தே பழகி, வேண்டும்போது சுருங்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. அடைப்பு நீங்கியதும் பாயும் குருதியை அவற்றால் அடக்க இயலுவதில்லை. கடும் தலைவலி, வலிப்பு, சிலவேளை மூளைக் குருதிக்கசிவும் நேரிடும். இது நூற்றில் ஓரிருவருக்கே வருவது. ஆனால் வந்தால் உயிரையே பறிக்கக்கூடியது. அடைப்பின் கடுமை, மறுபக்கத் தமனியின் நிலை, இரத்த அழுத்தம், ஒலியலைக் கருவி காட்டும் குருதியோட்டம் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர்கள் இதை ஓரளவு முன்னறிகின்றனர். எச்சரிக்கப்பட்டோருள் பெரும்பாலோருக்கு அது வருவதேயில்லை.

அப்படியானால் அந்த எச்சரிக்கை பொய்யா? இறைவாக்கினர் யோனாவை நினைவுகூர்வோம். நாற்பது நாளில் நினிவே அழியும் என்றார், மக்கள் மனம் திரும்பினர், நகர் அழியவில்லை. தம் வாக்கு பொய்த்ததென யோனா சினந்தார். இறைவனோ அதற்காகவே அவரை அனுப்பியிருந்தார். தீங்கை முன்னறிவிப்பது தீர்ப்பு வழங்குவதன்று, விழித்திருக்க அழைப்பதே.

விழிக்க வேண்டியவர் யார்? மருத்துவர் இரத்த அழுத்தத்தை அளந்து மருந்தால் கட்டுப்படுத்துவார். ஆனால் வீடு திரும்பிய ஐந்தாம் நாள் இரவில் எழும் தலைவலியை எந்தக் கருவி அறியும்? அதை உணர்பவர் அம்முதியவர் ஒருவரே. உண்மை அறியாதவர், தூக்கமின்மையால் வந்த வலியென்று மாத்திரை ஒன்றை விழுங்கிப் படுத்துவிடுவார். அறிந்தவரோ மகனை எழுப்புவார்.

மகனின் அச்சத்திலும் நியாயமுண்டு. பயம் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஆகவே எப்படிச் சொல்வது என்பதில் கனிவு வேண்டும். சொல்லாமல் விடுவதற்கு அது காரணமாகாது. நோயாளியின் இசைவின்றி அவர்மீது மருத்துவருக்குத் தனியுரிமை ஏதுமில்லை எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பரில் கற்பித்தார். மயக்கத்திலிருந்த மகளுக்காகத் தாய் தந்த ஒப்புதல் செல்லாது என நம் உச்ச நீதிமன்றமும் 2008இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. நோயுற்றவர் முதியவர் என்பதால், தம் உடலைப் பற்றிய உண்மையை அறியும் உரிமையை அவர் இழந்துவிடுவதில்லை.

கெத்சமனியில் ஆண்டவர் தம் துயரத்தைச் சீடரிடம் மறைக்கவில்லை. தம்மோடு விழித்திருக்குமாறு வேண்டினார். கோர்வைச் சேலையில் கரையையும் உடலையும் இணைக்க நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் அமர்வது வழக்கம். மகனும் அதையே செய்யட்டும். உண்மையைத் தந்தையிடம் தானே சொல்லி, அந்த இரவுகளில் அவரருகில் படுத்துக்கொள்ளட்டும்.