பெயர் கேட்காத படங்கள்

ஒரு படம் யாருக்குச் சொந்தம்? எடுத்தவருக்கா, அதில் இருப்பவருக்கா? சட்டத்தில் இதற்கு நேரான பதில் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒளிப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே என்கிறது. முகத்தைக் கொடுத்தவருக்கு அதில் பங்கில்லை. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்திருந்து படம்பிடிப்பது 2013இல் தனிக் குற்றமாக்கப்பட்டது. ஆனால் வெட்டவெளியில், வயலில் குனிந்து வேலை செய்யும் பெண்ணைத் தூரத்திலிருந்து எடுத்தால்? அங்கே சட்டம் வாய் திறப்பதில்லை. நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.

விஸ்காம் படிக்கும் மாணவிகளுக்கு நான் தமிழ்ப் பாடம் எடுக்கிறேன். கேமராவும் கையுமாக அவர்கள் செஞ்சிக்குப் போய்வருவது வழக்கம். ராஜகிரி, கல்யாண மகால், களஞ்சியம் என்று எல்லோரிடமும் ஒரே மாதிரிப் படங்கள் இருக்கும். ஒருத்தியின் படம் மட்டும் வேறாக இருந்தது. கோட்டை பின்னால் மங்கிக் கிடக்க, முன்னால் களை பறித்து நிமிர்ந்த ஒரு பெண். வெயிலுக்குச் சுருங்கிய கண்கள், வியர்வையில் ஒட்டிய முந்தானை. கண்காட்சிக்குத் தேர்வான படம். "இந்தம்மா பேர் என்ன?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. 200 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டுச் சாலையிலிருந்தே எடுத்திருக்கிறாள். "கேட்டா போஸ் குடுப்பாங்க மேம், இயல்பு போயிடும்" என்றாள்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பெண்ணின் கையில் கேமரா வருவதே ஒரு போராட்டம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக்காரரான ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் கணவரின் பெயரில்தான் அச்சாயின. நம் வீடுகளில் நம் பாட்டிமார் பலருக்கு வாழ்நாளில் தனிப்படம் ஒன்றோ இரண்டோதான். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஸ்டுடியோவில் எடுத்தது ஒன்று. செத்த பிறகு மாலை போட்டு மாட்டியது மற்றொன்று. இரண்டிலும் அவர் விருப்பத்தை யார் கேட்டார்கள்? அந்தப் பரம்பரையில் வந்த ஒரு பெண் இன்று தானே பார்க்கிறாள், தானே எடுக்கிறாள். அதில் எனக்கும் பெருமைதான்.

ஆனால் கேமரா கைமாறியதாலேயே பார்வை மாறிவிடுமா? அமெரிக்காவின் டோரோதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் பட்டாணி பறிப்போர் முகாமில் எடுத்த தாயின் படத்தை ஒளிப்படம் படிக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். எடுத்தவரும் பெண், எடுக்கப்பட்டவரும் பெண். படம் வெளியானதும் முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் அதற்குள் வேறிடம் போயிருந்தது. லாங்கே பெயர் கேட்கவில்லை. அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிய 1978 ஆயிற்று. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, அதை எடுத்திருக்கவே வேண்டாம் என்றார் அவர். 1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசு எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட இந்திய மக்கள் ஒளிப்படத் திரட்டிலும் இதே கதைதான். பெரும்பாலான படங்களுக்கு அடியில் இருப்பது சாதியின் பெயர், இனத்தின் பெயர். ஆளின் பெயர் இல்லை.

அப்படியானால் அனுமதி கேட்டுவிட்டால் போதுமா? போதாது. கூலிக்கு வந்தவர், வரப்பில் மேஸ்திரி நிற்க, கல்லூரிப் பெண் கேமராவோடு வந்து கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்வாரா? சாதியும் கூலியும் அந்த ஒரு சொல்லை எப்போதோ அவரிடமிருந்து பறித்துவிட்டன. அவர் தலையசைப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

எப்போதும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதும் சரியில்லை. 1984இல் போபாலில், மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த குழந்தையின் முகத்தை ரகு ராய் எடுக்காமல் போயிருந்தால் ஒரு பெரும் சாட்சியம் நமக்கு இல்லாமல் போயிருக்கும். லத்தி ஓங்கும் கையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு யாரும் படம் எடுப்பதில்லை. ஆகவே நான் அளக்க விரும்புவது அதிகாரத்தை. நம்மைவிட வலியவரை எடுக்கும்போது கேட்க வேண்டிய கடமை குறைகிறது. நம்மைவிட எளியவரை எடுக்கும்போது அது கூடுகிறது, கேட்பதோடு முடிந்தும்விடுவதில்லை. படத்தை அவருக்குக் காட்ட வேண்டும், பிரதி கொடுக்க வேண்டும், பிறகு மனம் மாறி வேண்டாமென்றால் எடுத்துவிட வேண்டும்.

தொழில்நுட்பம் கற்கும்போதே இதைக் கற்கலாம். கேமராவின் ஒளியளவி எதிரிலுள்ள எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடும். வெள்ளைச் சேலை கட்டிய கறுத்த பெண்ணைத் தானியங்கியில் எடுத்தால், அது சேலையைக் கணக்கில் கொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். கிட்டே போய் முகத்தில் விழும் ஒளியை அளந்தால்தான் முகம் தெரியும். கிட்டே போனால் பேசாமல் இருக்க முடியாது.

செஞ்சியில் தேசிங்குராஜன் 1714இல் போரில் மாண்டான். அவன் மனைவி உடன்கட்டை ஏறியதாகக் கதை. பாட்டும் கூத்தும் அவன் வீரத்தை, குதிரையை, நண்பனைச் சொல்லிச் சொல்லித் தீரவில்லை. அவள் கதையோ அதில் தீக்குள் இறங்குவதோடு முடிந்துவிடுகிறது. அவள் என்ன நினைத்தாள் என்பதைக் கேட்டு வைத்தவர் இல்லை. அந்தக் கோட்டைக்குக் கீழே இன்று களை பறிப்பவரையும் அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா?

என் பாடத்தில் இப்போது ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, எடுக்கப்பட்டவரின் பெயர், ஊர், படத்தைப் பார்த்து அவர் சொன்னது ஆகியவற்றை அவர் பேசிய தமிழிலேயே எழுதிவர வேண்டும். 'வேண்டாம்' என்று சொன்னவரைப் பற்றியும் எழுதலாம். படமில்லாத அந்தப் பக்கத்துக்கும் முழு மதிப்பெண் உண்டு.