புல் வருகிற வரைக்கும்

நம் ஊரில் மாட்டுக்குப் போடுவது வைக்கோல். நெல்லை நாம் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற தாள். இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் தாழ்நிலத்தில் புல்லேதான் பயிர். கோடையில் அறுத்துக் காயவைத்துக் கட்டி அடுக்கினால்தான் குளிர்காலத்தில் கொட்டிலில் நிற்கும் மாட்டுக்குத் தீனி. ஒரு பகுதியைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து ஊறுகாய்ப்புல்லாகவும் போட்டுவைப்பார்கள். வாய்க்கால் வெட்டி, பம்பு வைத்து இறைத்துத்தான் அந்த நிலத்தை மேய்ச்சல் வெளியாகக் காப்பாற்றி வருகிறார்கள். அங்கே மச்செல்னி என்று ஓர் ஊர். பழைய ஆங்கிலத்தில் 'பெரிய தீவு' என்று பொருள். 2014 தொடக்கத்தில் பாரெட், டோன் ஆறுகள் பொங்கியபோது அந்தப் பெயர் மெய்யாயிற்று; வாரக்கணக்கில் ஊருக்குப் படகில் போய்வந்தார்கள். சில புல்வெளிகள் இரண்டு மாதத்துக்கு மேல் முழுகிக் கிடந்தன.

தண்ணீர் வடிந்தால் துன்பம் தீர்ந்தது என்று தூரத்திலிருப்பவர்களுக்குத் தோன்றும். வடிந்த பிறகுதான் சேதம் தெரியவரும். புல் கறுத்து, பாயாகப் படுத்து அழுகியிருக்கும். மண்வெட்டியால் ஒரு கட்டி பெயர்த்து முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாமல் கிடந்த மண்ணின் நாற்றம் அது. மண்புழுக்கள் செத்திருக்கும். வெள்ளம் பிய்த்துக்கொண்டு வந்த வேலிக்கம்பியின் ஒரு துண்டு புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போனால், இரைப்பையைத் துளைத்து இதயம் வரைக்கும் குத்தக்கூடும். ஆகவே முதல் வேலை, வரிசையாக நடந்து குனிந்து பொறுக்குவது. அதற்கு ஆள்தான் வேண்டும்.

அடுத்த வேலை இன்னும் கடினம்: சும்மா இருப்பது. ஈரம் காயுமுன் டிராக்டரை இறக்கினால் மண் இறுகிப்போகும். வெள்ளம் விட்டுவைத்ததையும் நாமே கெடுத்துவிடுவோம். மாட்டை விட்டாலும் குளம்பு அதையேதான் செய்யும். ஆனால் மாட்டுக்குப் பசிக்குமே. பெரிய பசு ஒன்று நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ உலர்புல் தின்னும். முன்பே சேர்த்துவைத்ததோ நனைந்திருக்கும். நனைந்த கட்டு பூஞ்சை பிடிக்கும், உள்ளுக்குள் சூடேறும், சில சமயம் தானாகவே தீயும் பிடிக்கும். தண்ணீரில் முழுகியது நெருப்பில் போவதைக் கேட்டால் யாரோ கேலி செய்வது போலிருக்கிறது.

லிங்கன்ஷயர் விவசாயி ஆண்ட்ரூ வார்டு 2013-இல், பனியில் தீனியின்றித் தவித்த கால்நடைக்காரர்களுக்காக 'ஃபோரேஜ் எய்டு' என்ற உதவி அமைப்பைத் தொடங்கியிருந்தார். மறு ஆண்டு அதன் லாரிகள் சாமர்செட்டுக்குப் போயின. அவற்றில் இருந்தவை, முகம் தெரியாத விவசாயிகள் தங்கள் புல்போரிலிருந்து எடுத்துக் கொடுத்த கட்டுகள்.

புது விதையும் கருவியும்தான் நிலத்தைச் சீராக்கும், புல்கட்டு அந்த நேரத்து ஆறுதல் என்றே நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 250 கிலோ உருளைக்கட்டு ஒன்று ஒரு பசுவுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் வரும். அந்த மூன்று வாரமும் அதன் நான்கு கால்கள் சேற்றில் படாது. அதற்குள் மண் கொஞ்சம் காற்று வாங்கும். உயிரோடிருக்கிற வேர் எது, செத்தது எது என்று தெரியவரும். எங்கே மறுபடி விதைப்பது, எங்கே விட்டுவிடுவது என்று விவசாயி பதறாமல் முடிவு செய்வார். லாரியில் ஏறி வந்தது அந்த அவகாசம். பணம் இருக்கிறவர்கள் விதை வாங்கிவிடலாம். காத்திருக்கிற நாட்களைக் கடையில் வாங்க முடியாது, இன்னொரு விவசாயியின் களஞ்சியத்திலிருந்துதான் வர வேண்டும்.

ஒன்று மட்டும் எல்லோரும் மறக்கிறோம். புதிதாக விதைத்த புல் அந்த வருஷமே முழு அறுப்புத் தராது. ஆகவே வெள்ளத்துக்கு அடுத்த குளிர்காலத்தில்தான் கொட்டகை உண்மையாகவே காலியாக இருக்கும். அப்போது தொலைக்காட்சிக்காரர்களும் இருக்கமாட்டார்கள், லாரிகளும் வராது. உங்களுக்குத் தெரிந்த மாட்டுக்காரர் யாரையாவது வெள்ளம் அடித்தால், முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடாதீர்கள். பாதியை எடுத்துவைத்து, பத்து மாதம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள்.