பொது என்றால் யாருக்குப் பொது?

'ஊர்ப்பொது' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஊர்ப்பொதுக் குளம், ஊர்ப்பொதுக் கோயில், ஊர்ப்பொதுப் பணம். எல்லாமே பொதுதான், நம்மாளுக கை வைக்கிற வரைக்கும். இணையத்தை உலகப் பொது அமைப்பொன்று ஆள வேண்டும் என்கிற பேச்சையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. இணைய முகவரிகளின் பெயர்களையும் எண்களையும் ஒழுங்குபடுத்தும் ஐகான், 1998இல் கலிபோர்னியாவில் பதிவான நிறுவனம். 2016 வரை அமெரிக்க வணிகத்துறையின் ஒப்பந்தத்தின் கீழ்தான் இந்த வேலையைச் செய்துவந்தது. உலகத்துக்கே உரிய ஒன்றின் சாவி ஒரு வல்லரசின் இடுப்பில் தொங்குவதைச் சமத்துவம் பேசுகிற யாரும் ஏற்க முடியாது. சரி, சாவியை வாங்கி யாரிடம் கொடுப்பது?

2011 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் இந்திய அரசு ஒரு யோசனை வைத்தது. 50 அரசுகள் கொண்ட குழுவொன்று இணையக் கொள்கைகளைக் கவனிக்கட்டும். மக்கள் அமைப்புகளும் கம்பெனிகளும் நிபுணர்களும் ஆலோசனை சொல்லட்டும் என்றது. அதாவது, தீர்மானிப்பது அரசுகள். ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று இதற்குக் கைதட்டத் தோன்றும். ஆனால் அந்த நாற்காலியில் நம்ம பேரைச் சொல்லி உட்காரப் போறது யாரு?

2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில், சாதி உள்நாட்டு விவகாரம், அதை இங்கே பேசக் கூடாது என்று நின்ற அதே அரசுதான். மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல்லே வரவில்லை. பன்னாட்டுத் தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி கேட்டபோது, கேள்விக்கு மேல் கேள்வி போட்டு இழுத்தடித்ததும் இந்திய அரசுதான். ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில்தான் தகுதி கிடைத்தது. ஆலோசனை சொல்ல வாசலில் நிற்பதற்கே 15 வருஷமுன்னா, உள்ளே போய்ப் பேசுறது எப்போ?

உள்நாட்டு நிலைமையும் தெரிந்ததே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்சநீதிமன்றம் நீர்த்துப்போகச் செய்ததை எதிர்த்து 2018 ஏப்ரல் 2 அன்று தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பஞ்சாபில் அரசு செல்பேசி இணையத்தைத் துண்டித்தது. நம் வாயை இங்கே அடைக்கிறவர்கள், ஜெனீவாவில் போய் நம் பேச்சுரிமைக்கா வாதாடுவார்கள்?

1931இல், இரண்டாம் வட்டமேசை மாநாட்டில், தீண்டப்படாதோருக்கும் தானே பிரதிநிதி என்றார் காந்தி. அம்பேத்கர் அதை மறுத்தார். நம்மை மறைப்பவர் நம் பெயரால் பேச முடியாது என்பதுதான் அந்த மறுப்பின் அறம். தேசத்தின் ஒற்றுமையைக் குலைப்பதாக அன்று பழி சுமத்தினார்கள். இன்று உலகத்தின் ஒற்றுமையைக் குலைப்பதாகச் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

கம்பெனிகளே ஆளட்டும் என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டனா, ஐ.நா.வா என்று அவர்கள் வைக்கும் கேள்விக்குள் நாம் ஏன் அடைபட வேண்டும்? எந்த அவையானாலும், அரசு அனுப்பாத, நாமே தேர்ந்து அனுப்புகிற ஆளுக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும். ஆலோசனை சொல்லும் திண்ணை நமக்குப் போதாது. அது கிடைக்கும்வரை சந்தேகப்படுவது நம் உரிமை, கடமையும்கூட.